தலைவர் போனால் சதி, மற்றவர் போனால் விபத்தா? அப்பாவோடு முடியாத வழக்கு

அல்சூர்க்காரன் (கேள்வி)

விமானப்படையிலும், இங்கே பெங்களூரில் விமானம் செய்யும் எச்.ஏ.எல்.லிலும் வேலை பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் இதைப் போடுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. தூரவாணிநகர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர், பழைய செங்கொடி ஆள். டிவியில் விமான விபத்துச் செய்தி வந்து, செத்தவர்களில் ஒரு பெரிய மனிதர் இருந்துவிட்டால் போதும். காபி டம்ளரைக் கீழே வைப்பார். "முடிச்சுட்டாங்க" என்பார். அவ்வளவுதான், மேற்கொண்டு விசாரணை கிடையாது.

இதற்கெல்லாம் மூலம் 1973 மே 31. மெட்ராஸிலிருந்து டெல்லிக்குப் போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737, பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. 65 பேரில் 48 பேர் போய்விட்டார்கள். மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அதில் இருந்தார். கோயம்புத்தூர் எம்.பி. பாலதண்டாயுதமும் இருந்தார், பஞ்சாப் முன்னாள் முதல்வர் குர்னாம் சிங்கும் இருந்தார். குமாரமங்கலம் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டுக் காங்கிரசுக்குப் போய் வருஷக்கணக்கு ஆன பிறகும் அப்பாவுக்கு அவர் "தோழர் மோகன்"தான். மறுநாள் காலை ரேடியோவில் கேட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்வார்.

அவருடைய கணக்கு இதுதான்: "மே 1-ஆம் தேதி நிலக்கரிச் சுரங்கத்தை எல்லாம் அரசுடைமை ஆக்கினாரு. மே 31-ஆம் தேதி ஆள் இல்ல. முதலாளிங்க சும்மா விடுவாங்களா?" மோசமான வானிலையில் ஓடுபாதை தெரியாமல் தாழ இறங்கி, உயர் அழுத்த மின்கம்பியில் மோதியது என்று படித்துக் காட்டினேன். "கம்பிய அங்க கட்டினது யாரு?" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

அவரை விடுங்கள். எனக்கே இப்போது ஒரு சந்தேகம். முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியா, பாலயோகி, ஆந்திர முதல்வர் ஒய்.எஸ்.ஆர்., அருணாசல முதல்வர் தோர்ஜி காண்டு, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், வெளியே பார்த்தால் போலந்து ஜனாதிபதி, ஈரான் ஜனாதிபதி... நம் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட விமானத்தில் விழுந்து செத்ததாக எனக்குத் தெரியாது. தலைவர்கள் மட்டும் எப்படி இத்தனை பேர்? அதிகம் பறப்பதால் மட்டும்தானா, வேறு ஏதாவது இருக்கிறதா?

சரித்திரக்கிறுக்கன்

அப்பாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நிஜமாகவே "முடிச்சுட்டாங்க" வகையும் இருக்கிறது.

1955-ல் ஏர் இந்தியாவின் 'காஷ்மீர் பிரின்சஸ்'. பாண்டுங் மாநாட்டுக்கு ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தா போகும்போது நடுக்கடலில் வெடித்தது. குண்டு வைத்தது சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு. அவர் அதில் ஏறவே இல்லை. மற்ற 16 பேர் செத்தார்கள், நம் ஊழியர்கள் மூன்று பேர் பிழைத்தார்கள். 1994-ல் ருவாண்டா, புருண்டி இரண்டு நாட்டு ஜனாதிபதிகளும் ஒரே விமானத்தில் கிகாலியில் இறங்க வந்தபோது ஏவுகணையால் அடித்தார்கள். அதற்குப் பின் அங்கே நடந்த படுகொலை உலகத்துக்கே தெரியும்.

நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. 1965 செப்டம்பர் 19, பாகிஸ்தான் போர் முடிய நாலு நாள் பாக்கி. குஜராத் முதல்வர் பல்வந்தராய் மேத்தா மனைவியோடு ஒரு சின்ன பீச்கிராஃப்ட் விமானத்தில் கட்ச் எல்லைப் பக்கம் போனார். பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தியது, எட்டுப் பேரும் போனார்கள். சுட்ட விமானி கைஸ் ஹுசைன் 2011-ல், 46 வருஷம் கழித்து, அந்தப் பீச்கிராஃப்டை ஓட்டிய ஜஹாங்கீர் இன்ஜினியரின் மகளுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். பீச்கிராஃப்ட் இறக்கையை ஆட்டி ஆட்டிக் காட்டியும் மேலிடத்து உத்தரவால் சுட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வகை, தீர்ப்பே வராதவை. 1961-ல் ஐ.நா. பொதுச் செயலாளர் ஹமர்ஷோல்ட் ஆப்பிரிக்காவில் என்டோலா பக்கத்தில் விழுந்தது, 1988-ல் பாகிஸ்தான் ஜனாதிபதி ஜியா உல் ஹக் பகாவல்பூரில் விழுந்தது. ஜியா விமானத்தில் ஏற்றிய, குண்டு இருந்ததாகப் பேசப்படும் மாம்பழக் கூடைகளைப் பற்றி அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் தூங்க விடமாட்டார்.

பழைய வாரன்ட் ஆபீசர்

தம்பி, நான் இன்ஜின் ஃபிட்டர். விமானப்படையில் இருபத்து மூன்று வருஷம், பெரும்பாலும் எம்.ஐ.-8 ஹெலிகாப்டர். ஓய்வுக்குப் பிறகு வாடகைக்கு ஹெலிகாப்டர் விடும் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம். இப்போது முருகேஷ்பாளையாவில் வீடு. பறக்கும் முன்னால் எஃப்-700 என்கிற பராமரிப்புப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு விபத்து நடந்தால் முதலில் பூட்டி வைப்பது அந்தப் புத்தகத்தைத்தான். அந்த ராத்திரி யாருக்கும் சோறு இறங்காது, "நான் போட்ட நட்டா, நான் பார்த்த பைப்பா" என்று. ஆகவே சதி என்ற சொல்லை நானும் சும்மா எடுத்துக்கொள்வதில்லை. சதி என்றால் முதலில் சந்தேகம் வருவது எங்கள் மேல்தான்.

அதிகம் பறப்பது ஒரு காரணம், உண்மைதான். ஆனால் எங்கே, எதில் பறக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்களும் நானும் தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் ஏறினால் மும்பையில் இறங்குவோம். இரண்டு பக்கமும் கோபுரம், ரேடார், விளக்கு, மூடுபனியில் வழி காட்டும் கருவி எல்லாம் இருக்கும். தலைவர் இறங்குவது பள்ளிக்கூட மைதானத்தில். முந்தின நாள் தண்ணீர் லாரி விட்டு மண்ணை நனைத்து, சுண்ணாம்பில் வட்டம் போட்டு நடுவில் எச் எழுதியிருப்பார்கள். காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஓரத்தில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவார்கள். வானிலை அறிக்கை என்பது போனில் ஒரு தலையாரி சொல்வது: "இங்க நல்லாத்தான் இருக்கு சார்." அவன் நிற்கும் இடத்தில் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் இருக்கிற மலையை யார் பார்த்தது?

பட்டியலை எடுங்கள். சிந்தியா 2001-ல் கான்பூர் கூட்டத்துக்குச் சின்ன விமானத்தில் போகும்போது மைன்புரி பக்கம். மக்களவைத் தலைவர் பாலயோகி 2002-ல் ஒற்றை இன்ஜின் பெல் 206-ல், கைகலூர் பக்கம் மீன் குளத்தில். தோர்ஜி காண்டு 2011-ல் தவாங்கிலிருந்து இட்டாநகர் வரும் வழியில், உடைந்த பாகங்களைக் கண்டுபிடிக்கவே நாட்கள் ஆயின. எல்லாம் சின்ன வண்டி, பெரும்பாலும் கெட்ட வானம், சில நேரம் போய்ச் சேரும் இடத்தில் ஒரு கூட்டம். அகமதாபாத் ஏர் இந்தியா விபத்தில் 2025 ஜூனில் போன குஜராத் முன்னாள் முதல்வர் விஜய் ரூபானி கணக்கு வேறு. அவர் நம்மைப் போல டிக்கெட் வாங்கி ஏறிய பயணி.

நம் பெங்களூரிலும் ஒன்று நடந்தது, இளசுகளுக்குத் தெரியாது. 2004 ஏப்ரல் 17, ஜக்கூர் ஓடுதளத்திலிருந்து தேர்தல் பிரச்சாரத்துக்காகக் கரீம்நகர் கிளம்பிய செஸ்னா ஏறின கையோடு விழுந்தது. நடிகை சௌந்தர்யாவும் அவர் அண்ணனும் உட்பட நாலு பேர். தலைவர் இல்லைதான், ஆனால் அதுவும் பிரச்சாரத்துக்குப் போன பயணம்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். கம்பெனியில் இருந்தபோது ஒரு தேர்தல். வட கர்நாடகத்தில் ஒரு தலைவருக்கு ஒரே நாளில் நாலு கூட்டம். மூன்றாவது முடிந்ததும் மேற்கே சாம்பல் கலரில் மேகம் சுவர் மாதிரி எழும்பி நின்றது. எங்கள் பைலட் ஆர்மியிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். பார்த்தார், "இல்லை" என்றார். உதவியாளர் ஓடி வந்தார். கவனியுங்கள், "பற" என்று அவர் சொல்லவே இல்லை. "ரெண்டு மணி நேரமா ஜனங்க வெயில்ல உட்கார்ந்திருக்காங்க சார். நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வந்தார், அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னார். மூன்றாவதாகக் கம்பெனியிலிருந்து போன்: "நீங்கதான் கேப்டன், உங்க முடிவுதான், ஆனா பார்த்துக்கோங்க." அந்த "பார்த்துக்கோங்க" இருக்கிறதே, அதற்கு எந்தப் புத்தகத்திலும் கையெழுத்து கிடையாது.

அந்த மனிதர் கதவைப் பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டார், வேப்ப மரத்தடியில் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றார். தலைவர் காரில் மூன்றரை மணி நேரம் போனார். அரை மணியில் மேகம் கலைந்து பளீரென்று வெயில் அடித்தது. அதுதான் கொடுமை. விழாத ஹெலிகாப்டரைப் பற்றி யாரும் "நல்ல வேளை" என்று சொல்வதில்லை. மறுநாள் "அந்த ஆளை இனிமே அனுப்பாதீங்க" என்று போன் வந்தது. கம்பெனி அனுப்பவில்லை. அவருக்குப் பதிலாக வந்த பையன் எதற்கும் இல்லை என்று சொல்லாதவன். அவன் ஓட்டும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இதே கதையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் போலந்து. 2008-ல் ஜனாதிபதி கச்சின்ஸ்கி ஜார்ஜியா போகும்போது, நேராகத் திபிலிசியில் இறக்கச் சொன்னார்கள். அங்கே போர். விமானி மறுத்து அஜர்பைஜானில் இறக்கினார். ஏகப்பட்ட கோபம், பேச்சு, நாடாளுமன்றம் வரை. அன்று துணை விமானியாகப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவர்தான் 2010 ஏப்ரல் 10-ல் தலைமை விமானி. ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கில் கடும் மூடுபனி. இரண்டாம் உலகப் போரில் சோவியத் கொன்ற போலந்து அதிகாரிகளுக்கான கட்டின் படுகொலை நினைவு நிகழ்ச்சி, தேதியை மாற்ற முடியாது. விமானப்படைத் தளபதி காக்பிட்டிலேயே இருந்தார் என்றது ரஷ்யத் தரப்பு விசாரணை, போலந்தில் அது பெரிய சர்ச்சையானது. டியு-154 விமானம் மரத்தில் மோதி விழுந்தது, 96 பேர். ஒரு நாட்டின் ஜனாதிபதி, முப்படைத் தளபதிகள், ரிசர்வ் வங்கித் தலைவர் மாதிரியான ஆள் எல்லாரும் ஒரே வண்டியில்.

இதில் நம் ராணுவத்துக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1963 நவம்பர் 22, காஷ்மீரில் பூஞ்ச். இரண்டு லெப்டினன்ட் ஜெனரல், ஒரு ஏர் வைஸ் மார்ஷல், ஒரு மேஜர் ஜெனரல், ஒரு பிரிகேடியர், எல்லாரும் ஒரே அலூட் ஹெலிகாப்டரில் ஏறினார்கள். தந்திக் கம்பியில் மாட்டி விழுந்தது, விமானியோடு ஆறு பேரும் போனார்கள். அன்றைக்குத்தான் கென்னடியைச் சுட்டார்கள், செய்தி அமுங்கிப்போயிற்று. பெரிய அதிகாரிகள் கூட்டமாக ஒரே வண்டியில் ஏறக் கூடாது என்பது அதிலிருந்து வந்தது. உங்கள் அப்பா கேட்டாரே, கம்பியை யார் கட்டினது என்று. பூஞ்சில் கட்டினது தந்தி இலாகாதான்.

குன்னூர் மலர்

நான் பிறந்தது குன்னூர், இப்போது பெங்களூரில் ககதாசபுரா. ஜெனரல் ராவத்தின் ஹெலிகாப்டர் எங்கள் ஊர்ப் பக்கம் விழுந்த 2021 டிசம்பர் 8-ஐப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

சமவெளிக்காரர்களுக்கு மூடுபனி என்றால் விடியற்காலை வந்து வெயில் ஏறினால் போய்விடும் சமாச்சாரம். எங்கள் ஊரில் டிசம்பரில் அப்படி இல்லை. பத்து மணிக்கு நல்ல வெயில் அடிக்கும், அம்மா துணி காயப்போடுவார். பதினொன்றரை, பன்னிரண்டுக்கு மேட்டுப்பாளையம் பக்கமிருந்து பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறி வரும். முதலில் தேயிலைத் தோட்டத்தின் கீழ் வரிசை மறையும், அப்புறம் சில்வர் ஓக் மரத்தின் அடி மறைந்து நுனி மட்டும் மிதக்கும், அப்புறம் எதிர்வீட்டு ஓடு. ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்தான் என்று மாமா சொல்வார். கொடியில் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்.

ஜெனரல் ராவத் போன எம்.ஐ.-17 கோயம்புத்தூர் பக்கம் சூலூரில் 11.48-க்குக் கிளம்பியது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும், 12.08-க்குத் தொடர்பு போய்விட்டது. இந்த நேரத்தை நான் மேலே சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். ரயில் பாதையில் நடந்துபோன சிலர் எடுத்த காணொளி வந்ததே, அதில் ஹெலிகாப்டர் வெள்ளைக்குள் போவது தெரியும், பிறகு சத்தம் மட்டும். இன்னும் ஏழு நிமிஷம் பறந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

விழுந்த இடம் காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரம், தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடுகள். அவர்கள்தான் முதலில் ஓடினார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் வீட்டிலிருந்த கம்பளியிலும் போர்வையிலும் வைத்துத் தூக்கினார்கள். டிசம்பர் குளிரில் அந்த வீடுகளில் எத்தனை கம்பளி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

14 பேரில் அன்றைக்கு உயிரோடு மிஞ்சியது குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும். அவரை இங்கே பெங்களூர் விமானப்படை மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் பழைய ஏர்போர்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்ப்பேன். 15-ஆம் தேதி அவரும் போய்விட்டார். ஒரு வருஷம் முன்னால் கோளாறான தேஜஸ் விமானத்தைக் கைவிடாமல் இறக்கிக் கொண்டுவந்ததற்காக சௌர்ய சக்ரா வாங்கியவர். தேஜஸ் நம் ஊரில் செய்ததுதானே.

கோரமங்களா குமார்

எல்லாம் சரி. கடைசியில் பழியை விமானி தலையில் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். செத்தவன் வந்து பதில் சொல்லப் போகிறானா? ராவத் விபத்துக்கும் நாடாளுமன்றக் குழு அறிக்கையில் 'மனிதப் பிழை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். எம்.ஐ.-17 ஓட்டுகிற ஆளுக்கு மேகம் தெரியாதா? வாரன்ட் ஆபீசர் சார் கொஞ்சம் விளக்கட்டும்.

பழைய வாரன்ட் ஆபீசர்

கோபம் நியாயம்தான் குமார். எனக்கும் அந்த இரண்டு சொல் பிடிக்காது. விமானப்படை விசாரணை 2022 ஜனவரியில் சொன்னது இன்னும் விவரமானது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் போனதால் விமானிக்குத் திசை உணர்வு குழம்பி, நல்ல நிலையில் இருந்த வண்டி, கட்டுப்பாட்டில் இருக்கும்போதே தரையில் மோதியது. "அலட்சியம் இல்லை" என்பதைப் பத்திரிகைகள் பெரிதாகப் போடவில்லை.

அது என்ன திசை உணர்வுக் குழப்பம்? விமானபுராவில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிலையம் இருக்கிறதே, அங்கே ஒரு சுழல் நாற்காலி உண்டு. பார்க்க முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரி இருக்கும். ஒரு முறை வேடிக்கை பார்க்கப் போன என்னையும் உட்கார வைத்தார்கள். கண்ணைக் கட்டினார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் கட்டை விரலைக் காட்டச் சொன்னார்கள். சுற்ற ஆரம்பித்ததும் சரியாக வலது பக்கம் காட்டினேன். ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றியதும், நின்றுவிட்டது என்று நினைத்து விரலை நேராக நிமிர்த்தினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நாற்காலி அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு நிறுத்தினார்கள். நான் அடித்துச் சொல்கிறேன், "இடது பக்கம் வேகமா சுத்துது". கட்டை அவிழ்த்தால் நாற்காலி அசையாமல் நிற்கிறது. தலை மட்டும் சுழல்கிறது, பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

காதுக்குள் இருக்கிற நீர் செய்கிற வேலை அது. பொய் என்று தெரிந்தாலும் உடம்பு நம்பத்தான் செய்யும். வெளியே அடிவானம் தெரிகிறவரை கண் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். வெள்ளைக்குள் போன நொடியில் கண் போயிற்று, மீதி அந்த நாற்காலிதான். அதற்குத்தான் முன்னால் கருவிகள் இருக்கின்றன. பார்வையை உள்ளே திருப்பி, உடம்பு சொல்வதைக் கேட்காமல் முள்ளை மட்டும் நம்ப வேண்டும். அதற்குச் சில நொடி வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 55 மீட்டர். குன்னூர் பள்ளத்தாக்கில் அந்த இடம் இருக்கிறதா என்று மலர் அம்மாதான் சொல்ல வேண்டும்.

ஒய்.எஸ்.ஆர். விபத்தில் வேறு மாதிரி. 2009 செப்டம்பர் 2, ஹைதராபாத்திலிருந்து சித்தூர் நிகழ்ச்சிக்கு. நல்லமலைக் காட்டுக்கு மேல் மழை மேகம். அந்த நேரம் பார்த்துக் கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தத்தில் ஒரு கோளாறு. இரண்டு விமானிகளும் ஆறு நிமிஷத்துக்கு மேல் அதைப் பற்றிய புத்தகப் பக்கத்தில் மூழ்கிவிட்டார்கள் என்றது விசாரணை. மேகத்தைக் கவனிக்க ஆள் இல்லை, கீழ்நோக்கி அடித்த காற்றில் வண்டி சிக்கியது. மறுநாள் காலைதான் கண்டுபிடித்தார்கள். ஈரான் ரய்சிக்கு 2024 மே மாதம் மூன்று ஹெலிகாப்டர் ஒன்றாகக் கிளம்பின, இரண்டு ஊர் போய்ச் சேர்ந்தன. அங்கேயும் மலை, மூடுபனி. அதிகாரபூர்வ அறிக்கையும் அதைத்தான் சொன்னது.

விமானி மேல் பழி போடுகிறேன் என்கிறீர்களே, ஒன்று சொல்கிறேன். 1977 நவம்பர் 4, பிரதமர் மொரார்ஜி தேசாய் டெல்லியிலிருந்து ஜோர்ஹாட் போன விமானப்படையின் டியு-124, பெயர் புஷ்பக். இருட்டு. ஓடுபாதையில் இறங்க முடியாமல் தேக்கேலாகாவ் என்ற கிராமத்து வயலில் விழுந்தது. மூக்குப் பகுதி நொறுங்கியது, பின்பக்கம் நின்றது. 81 வயது பிரதமர் எழுந்து வெளியே வந்தார். காக்பிட்டில் இருந்த ஐந்து பேரும் செத்தார்கள். அடி தங்கள் பக்கம் விழும்படிதான் அவர்கள் இறக்கினார்கள் என்று படையில் சொல்வோம். நாங்கள் சேர்ந்த புதிதில் வயதான சார்ஜென்ட்கள் அந்த ஐந்து பேருக்காக ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவார்கள். மனிதப் பிழை என்று எழுதுகிறவர் இதையும் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

அல்சூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். வேப்ப மரத்தடி பஜ்ஜி வந்ததும் சிரித்துவிட்டார். கம்பளியில் தூக்கின இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புஷ்பக் பற்றி அவருக்கு முன்பே தெரியுமாம், "மொரார்ஜி பிழைச்சுட்டாருன்னுதான் பேப்பர்ல பெருசா போட்டான்" என்றார்.

அப்புறம் கேட்டார் பாருங்கள்: "சரிடா, உன் வாரன்ட் ஆபீசர் சொல்றபடி தலைவருக்காகக் கூட்டம் காத்திருக்கு, அதனால பைலட் போறான். தோழர் மோகன் போனது டிக்கெட் விமானம். 65 பேர். பாலம் ஏர்போர்ட்ல அவருக்காக எந்தக் கூட்டம் காத்திருந்துச்சு? அந்த பைலட்டுக்கு யாரு போன் பண்ணா?"

எனக்குப் பதில் தெரியவில்லை சார்.

பழைய வாரன்ட் ஆபீசர்

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். நல்ல கேள்வி, நான் சொன்னதில் ஓட்டை இருக்கிறது. அன்றைக்கு யாரும் போன் பண்ண வேண்டியதில்லை. இந்த உயரத்துக்குக் கீழே ஓடுபாதை தெரியாவிட்டால் திரும்ப மேலே ஏறு என்று ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கினார்கள். மெட்ராஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஊர் விளக்கு அங்கங்கே தெரிந்திருக்கும், இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம் என்று தோன்றியிருக்கலாம். அது என் ஊகம், விசாரணை அல்ல. எத்தனையோ நல்ல விமானிகள் அப்படி இறங்கி, ஓடுபாதை தெரிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். அமைச்சர் உள்ளே இல்லாவிட்டாலும் அந்தக் கம்பி அங்கேதான் இருந்திருக்கும்.

ஆனால் அப்பாவை எழுத்தில் ஜெயிக்க முடியாது போலிருக்கிறது. மாரத்தஹள்ளி போகும் வழியில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூட்டி வாருங்கள். பழைய விமானங்கள் வெளியே மரத்தடியில் நிற்கும், உட்கார்ந்து பேசலாம். மங்கலான வானத்தில் ஓடுபாதை எப்படித் தெரியும், எப்படித் தெரியாது என்று கையால் காட்டுகிறேன்.

அல்சூர்க்காரன்

வருகிறாராம். மின்கம்பி விஷயத்தை மட்டும் விடப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்.